ஒற்றைக் கண்

தானா ஏரித் தீவு. கோயிலின் வடக்குச் சுவரில்
கடைசி இராப்போஜனம் வரைகிறேன்.
நல்லவர்க்கு இரு கண், துரோகிக்கு ஒன்று:
எங்கள் தூரிகைக்கு அதுதான் சட்டம்.

யூதாசுக்கு முகம் தேடி நான் அலையவில்லை.
மச்சினன் வொர்க்னேயின் மூக்கு.
என் கோவேறு கழுதையை விற்றுத் தின்ற
அதே வாய்.
பார்க்காமலே வரைந்தேன், அவ்வளவு மனப்பாடம்.
நன்றாகவும் வந்துவிட்டது.

அன்று மாலை ஜெபத்தில்
கடனாளிகள் என்ற சொல்லில் நாக்கு நின்றுகொண்டது,
ஆற்றைக் கண்ட கழுதை மாதிரி.

இன்னொரு கண் கொடுக்க எனக்கு உரிமையில்லை.
குருவும் விடமாட்டார்.
மீதி இருந்தது அவன் கையில் அப்பம் மட்டும்.
மஞ்சளை ஓர் இழுப்பு இழுத்தால் போதும்,
யார் கிட்ட வந்து பார்க்கப் போகிறார்கள்?

ஆனால் எங்கள் அப்பம்
மண் தட்டில் வேகும்போது கண் திறக்கும்.
கண்ணில்லாத இஞ்செராவை
அஸ்காலே கோழிக்குப் போட்டுவிடுவாள்.

உம் மேசையிலிருந்து போனதாயிற்றே, ஆண்டவரே.
ஒற்றை மயிர்த் தூரிகையால்
ஒவ்வொரு கண்ணாகத் திறந்தேன்.
நோன்பு நாள் இரண்டும் அதிலேயே போயின.
முந்நூறு வரை எண்ணினேன்,
பிறகு விட்டுவிட்டேன்.

இப்போது அவன் கையிலிருந்து
அப்பம் என்னைப் பார்க்கிறது.

கழுதை இன்னும் திரும்பவில்லை.