இரண்டாவது கம்ப்ரசர்

மீன்பிடித் தடைக்காலம்.
காசிமேட்டில் விசைப்படகுகள்
ஒன்றின் தோளில் ஒன்று இடித்துக்கொண்டு
சும்மா கிடக்கின்றன.
எங்கள் ஐஸ் கம்பெனியில்
நாளுக்கு முன்னூறு பார் இறங்கிய இடத்தில்
கல்யாணத்துக்கும் சாவுக்குமாக இருபது.
முதல் கம்ப்ரசரைக் கழற்றிச் சாக்கில் பரப்பியிருக்கிறேன்.
காலிக் கூடத்தைப் புது இசை விழாவுக்கு
வாடகைக்கு விட்டார் தனசிங் முதலாளி.
ஒரே நிபந்தனை:
இரண்டாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

ஏழு பேர் வந்தார்கள்.
ஆட்டோவில் ஏறாத டபுள் பேஸ்
மீன்பாடி வண்டியில் படுத்துக்கொண்டு வந்தது.
‘உள்ள யாரு?’ என்று கேட்டார் வண்டிக்காரர்,
நிஜமாகவே குரலைத் தாழ்த்தி.

மற்ற குழுக்கள் மிஷின் சத்தம் கேட்டு முகம் சுளித்தன.
இசையமைத்தவள் ஹெப்சிபா, காலடிப்பேட்டைப் பெண்,
போனை மோட்டார்மேல் வைத்து அளந்தாள்.
‘ஜி-க்கு மேல, ஜி ஷார்ப்புக்குக் கீழ.
எப்பவும் இதே சுருதிதானாண்ணா?’
பத்தொன்பது வருஷத்தில்
என்னிடம் யாரும் கேட்காத கேள்வி.
‘ஊர் மொத்தமும் ஏசி போட்டா
ஒரு நூல் இறங்கும்மா’ என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

பிறகு தந்திக்காரர்கள் ஆணி முறுக்கி
என் மிஷினோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.
கிளாரினெட்டில் முறுக்க ஆணி கிடையாது.
அந்த அம்மா உதட்டாலேயே வளைத்தார்.

சனம் கவிழ்த்துப்போட்ட ஐஸ் டின்களில் உட்கார்ந்தது.
ராகம் இல்லை, பாட்டு இல்லை.
வில்லைத் திருப்பி மரத்தால் தட்டினார்கள்.
ஒருத்தர் மேசை நிறையச் சாமான் பரப்பி
ஒவ்வொன்றாக உரசினார்.
‘சர்வீஸ் பண்ணாத வண்டி மாரி கீது’ என்றான்
லோடுமேன் சூசை.
போகவில்லை, நின்று கேட்டான்.
பிடித்ததா என்றால் எனக்கும் தெரியாது.
எல்லாச் சத்தமும் அலைந்து திரிந்து
என் மிஷின்மேல் வந்து அமர்ந்ததை மட்டும்
கவனித்துக்கொண்டிருந்தேன்,
துறைமுகக் கம்பத்துக் காக்கையைப் பார்ப்பதுபோல.

எட்டு நாற்பத்திரண்டு.
கம்ப்ரசருக்குள் ஒரு தட்டல்.

சபைக்கு அது இன்னொரு வாத்தியம்.
செல்லோக்காரர் ரசித்துத் தலையாட்டவே செய்தார்.
எனக்குத் தெரியும்:
அமோனியா ஆவியாகாமல் தண்ணியாகத் திரும்பி வருகிறது.
இன்னும் கொஞ்ச நேரத்தில் வால்வு பிளேட் போகும்.
அப்புறம் வாசனை.
அந்த வாசனையைப் பற்றி
இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு
யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஹெப்சிபா முதுகு காட்டி நிற்கிறாள்.
முதலாளி முன்வரிசையில், வேட்டி மடிப்புக் கலையாமல்.
சுவிட்சில் கை வைத்தேன்.
பாடுகிறவர் வாயைப் பொத்துவதுபோல் இருந்தது.
பொத்தினேன்.

சக்கரம் ஓய அரை நிமிஷம் ஆகும்.
சுருதி படிப்படியாக இறங்கியது.
வயலின்கள் தடுமாறின.
பின்னால், தூண் பக்கம்,
பெரம்பூர் நெவில் ரொசாரியோ
இறங்கவில்லை.
மிஷின் விட்ட இடத்தில்
வில்லை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.
இழுத்து முடிவதற்குள் திருப்பினார்,
திருப்பியது தெரியவில்லை.
நாளெல்லாம் பக்கத்தில் நின்றும்
நான் காதில் வாங்காமலிருந்த சத்தம்
அவர் தோள் வழியாக, லேசான நடுக்கத்தோடு,
கூடம் முழுக்கப் போனது.
மற்ற ஆறு பேரும் அவரிடம் வந்தார்கள்.
கிளாரினெட் அம்மா கடைசியாக.

கைதட்டல் முடியுமுன் வால்வைத் திறந்துவிட்டேன்.
பிளேட் தப்பியது.
முதலாளி வந்து ஒன்றும் கேட்கவில்லை,
‘புக்ல எழுதிடு’ என்று மட்டும் சொன்னார்.

லாக் புக்கில் கட்டங்கள் இருக்கின்றன.
நிறுத்திய நேரம்: இரவு 8.42.
காரணம்: தட்டல்.
நிறுத்தியவர்: என் கையெழுத்து.
கடைசிக் கட்டம், ஷிஃப்ட் மாறும்போது நிரப்புவது,
‘பொறுப்பேற்றவர்’.

பேனாவை ரெண்டு தடவை உதறி எழுதினேன்:
நெ. ரொசாரியோ.
8.42 முதல் 8.53 வரை.