ஏழாம் நம்பர் மலையில் ஷூட்டிங்

மஸ்கெலியாவுக்கு மேலே படக்குழு இறங்கியிருக்கிறது.
பழைய சிறுவர் நாவலாம்:
ஆளில்லாக் காட்டில் ஒரு அப்பா
தனியாளாய் மரம் வெட்டி வீடு கட்டுவார்.

அந்த வீட்டை
நாங்கள் பதினாறு பேர் கட்டினோம்,
பைன் பலகையில், நாலு நாள்.
பாதிப் பேருக்கு இன்னும் காசு வரவில்லை.

"தேயிலை தெரியுதே" என்றார் கேமராக்காரர்.
கம்ப்யூட்டரில் அழித்துக்கொள்ளலாமாம்.
அதோடு,
மேல் ரோட்டில் கொழுந்துச் சாக்கோடு போன தவமணியையும்.

சாப்பாட்டு நேரத்தில்
என் மகள் சுலோஜனி உள்ளே நுழைந்தாள்.
முன்சுவர் மட்டும்தான்; பின்னால் முட்டுக்கம்பும் மூடுபனியும்.
ஆனால் ஜன்னல் இருந்தது.
திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.
எங்கள் லயத்துக் காம்பராவில் அது இல்லை.

"என்னடி தெரியுது?"

"நம்ம மலைதான்மா.
தேயிலை இன்னும் இருக்கு."