பத்தொன்பது நிமிடம்

நான் விமானம் ஏறியதே இல்லை.
பறந்தது ஒரே ஒரு முறை,
ஹெலிகாப்டரில், மல்லாந்து,
பத்தொன்பது நிமிடம்.

கீழே என்ன இருந்திருக்கும் என்று தெரியும்:
செயின்ட் ஜான் ஆறு, அக்கரையில் கனடா,
பாதி தோண்டிய உருளைக்கிழங்கு வயல்கள்,
அறுவடைக்கென்று பள்ளிக்கூடம் விடுமுறை விட
சேற்றில் நிற்கும் பிள்ளைகள்,
அண்ணாந்து கையாட்டியிருப்பார்கள்.
நான் பார்த்தது
கூரையில் ஒரு திருகாணி.
அதன் தலையில் பெயின்ட் உரிந்திருந்தது.

நிமிடத்துக்கு இரண்டாயிரத்து இருநூறு டாலர்.
லூசியென்தான் வகுத்துப் பார்த்தாள்,
சமையல் மேசையில், பில்லின் ஓரத்தில்.
"அந்தத் திருகாணியையாவது
கழற்றிக்கொண்டு வந்திருக்கலாம் நீ."
சிரித்தோம்.
அடுப்பில் வெங்காயம் தீய்ந்தது.

கிழங்கையும் கல்லையும் பிரிக்கும் உருளை அது.
என் வலக்கையை
எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியாமல்
வைத்துக்கொண்டது.

பிறகு உறைகள்.
வெள்ளை என்றால் வேண்டுகோள்.
மஞ்சள் என்றால் அதட்டல்.
இளஞ்சிவப்பு வந்த அன்று
தபால்காரி ஜெர்மேன் பெட்டியில் போடாமல்
கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.
பல்லால் கிழிப்பேன்.
எந்தக் கம்பெனியின் பசை என்று
நாக்கே சொல்லிவிடும் இப்போது.

மயக்க ஊசி போட்டவருக்குத் தனி.
எக்ஸ்ரே பார்த்தவருக்குத் தனி,
அவர் வேறு மாநிலத்தில் இருக்கிறாராம்,
என் எலும்பைத் தெரியும், என்னைத் தெரியாது.
வெட்டிய கையை அப்புறப்படுத்தியதற்கும்
ஒரு வரி இருந்தது,
அதில் மட்டும் சில்லறை சுத்தமாக,
பதினெட்டு டாலர் நாற்பது சென்ட்.

பண்ணைக்கார ஒனெசிம்
சட்டம் கேட்ட அளவுக்குக் காப்பீடு வைத்திருந்தான்.
சட்டம் அதிகம் கேட்கவில்லை.
பத்து மூட்டை கிழங்கு கொண்டுவந்து இறக்கினான்,
வண்டியின் எஞ்சினை அணைக்காமல்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
அவித்தும் மசித்தும் வறுத்தும்
அவனைத்தான் தின்றோம்.

மாதா கோயில் கூடத்தில் எனக்காக அவரை விருந்து.
இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு டாலர்,
ஒரு காபி டப்பாவில்.
மறுநாள் பூசையில் பாதிரியார்
'வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும்' என்று
வாசித்துவிட்டு
சட்டென்று என்னைப் பார்த்தார்.
பார்த்து, வேகமாகப் பக்கம் புரட்டினார்.

லூசியென் முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குப் போனாள்.
காலையில் அவள் காலணி நாடாவை
நான் அவிழ்க்க முயல்வேன்.
அவள் அவசரப்படுத்தமாட்டாள்.
சில நாள் பாதியிலேயே
நாற்காலியில் தூங்கிவிடுவாள்.

உதவித்தொகை மனு திரும்பி வந்தது:
கையெழுத்து பொருந்தவில்லை.
எப்படிப் பொருந்தும்?
இட்ட கைக்குத்தான் பதினெட்டு நாற்பது ஆயிற்றே.
பில்களின் முதுகில் எழுதிப் பழகினேன்,
அல்சீட் தெரியோ, அல்சீட் தெரியோ,
காற்றில் சாய்ந்த வேலிபோல.

ரம்பம் அறுத்ததில் இடக்கை போன எல்செயார்
நவம்பரில் வந்தான்.
கையுறை ஜோடியாகத்தானே விற்கிறார்கள்.
அவன் இடது உறைகளை என்னிடம் கொடுத்தான்,
என் வலது உறைகளை வாங்கிக்கொண்டான்.
கடனில்லாத ஒரே கைமாற்று அதுதான்.
அவன் விரல் என்னுடையதைவிட நீளம்,
நுனியில் கொஞ்சம் காற்று நிற்கிறது.

ஹெலிகாப்டர் கம்பெனிக்கு
மாதம் ஐம்பது என்று பேசி முடித்தோம்.
அடையும்போது எனக்கு நூற்றுப் பதினாறு வயது.
முதல் காசோலையில் கோணல்மாணலாக எழுதினேன்.
காசு கேட்டபோது பொருந்தாத கையெழுத்து
காசு கொடுத்தபோது பொருந்திவிட்டது.

நேற்று இரவு ஆற்றுப் பக்கம் அந்தச் சத்தம்.
லூசியென் தட்டைக் கழுவுவதை நிறுத்தினாள்.
யாராயிருக்கும் என்று
இருவரும் கேட்கவில்லை.
அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
நானும்.