இரண்டு விரல்

மாடுகள் தாரை விட்டு எழும்பிய பிறகுதான் ஓட்டம்.
பரந்தன் றோட்டில், ஒன்பதாவது போஸ்ட் வரை.

மூன்று ஞாயிறும் தோற்றேன்.
முறுக்குவதில் குறையில்லை.
கிளச்சை விட்டதும் முன்சில்லு எழும்பும்,
வானம் தெரியும்.
அது இறங்குவதற்குள்
கீர்த்திபன் மூன்றாவது கியரில்.

அவனுக்கு இடக்கையில் இரண்டே விரல்.
மற்றவை எங்கே என்று
இந்தப் பக்கம் ஒருவரும் கேட்பதில்லை.

நாலாம் ஞாயிறு
நானும் இரண்டை மட்டும் வைத்தேன்.
துருசுக் கதவின் முதல் புரிபோல
மெல்ல,
சங்கிலி இழுபடும் இடத்தில் அரை மூச்சு நின்று,
பிறகு மிச்சம்.
சில்லு நிலத்திலேயே கிடந்தது.
புழுதி பின்னால்தான்.

தோற்றேன்தான், அரைச் சில்லால்.

ஹெல்மெட்டைக் கழற்றிச் சிரித்தவன்
என் கையைப் பார்த்தான்.
மடங்கியிருந்த மற்ற இரண்டையும்
அவசரமாய் நீட்டினேன்.