மீதி

யூன் மாதம். கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி.
லிப்ட் வேலை செய்யவில்லை.
தேருநர் இடாப்புப் படிவங்கள்
மழையில் நனையாமல்
ஒரு பேக்கரிப் பையில்.

கதவைத் திறந்தவர் குணலோஜினி.
மருந்துக்கடையில் இரவுக் கணக்குப் பார்ப்பவர்.
எத்தனை பேர் இந்த வீட்டில் என்று கேட்டேன்.
"அஞ்சு கதிரை இருக்கு," என்றார்,
"இருக்கிறது நான் மட்டும்."

பதினொரு வருடமாக இதே முகவரி.
தண்ணீர்ப் பில் இவர் பெயரில்.
வாக்கு மட்டும் வரணியில்.

இங்கே மாற்றித் தரட்டுமா,
ஒரு கையெழுத்துத்தான்.
பேனாவை வாங்கினார், மூடியைக் கழற்றினார்.
"நான் இங்க வந்தா
அங்க ஒரு ஆள் குறையும், என்ன?"
குறையும்.
"ஆள் குறைஞ்சா கதிரையும் குறையும்."
ஒரு ஆளால் இல்லை என்றேன்.
ஒரு ஆசனத்துக்குப் பல பத்தாயிரம் பேர் வேணும்.
"அதில கடைசி ஆள் ஆர் எண்டு
உங்கட கந்தோருக்குத் தெரியுமோ?"

தெரியாது.
கந்தோருக்குத் தெரிந்தது வகுத்தல்.
நாட்டின் மொத்தத்தை ஆசனங்களால் வகு.
வந்த எண்ணால் ஒவ்வொரு மாவட்டத்தையும் வகு.
முழு எண்ணுக்கு ஆசனம்.
பிறகு மீதிகளை வரிசையில் நிற்க வை,
பெரிய மீதிக்கு மிஞ்சிய கதிரை.

விமானத்தில் போனவர்களுக்கும்
கடலில் போனவர்களுக்கும்
மண்ணுக்குள் போனவர்களுக்கும்
ஒரே சிவப்புக் கோடு.
பிறக்காமலே போனவர்களுக்கு
அதுவும் இல்லை.

அடுத்த மேசை விஜேதிலக்க
கல்குலேட்டரைச் சட்டையில் துடைத்தபடி சொல்வார்:
எங்கள் கம்பஹாவைப் பார்,
பிள்ளை பெறவே தேவையில்லை,
வாடகை கொஞ்சம் குறைந்தால் போதும்,
ஆசனம் பஸ் ஏறி வந்துவிடும்.
பகிடிக்குத்தான் சொல்வார்.
நானும் சிரிப்பேன்.
என் பெயர் எந்த இடாப்பில் என்று
அவர் கேட்டதில்லை.

குணலோஜினி பேனாவை மூடித் தந்தார்.
"கோவிக்காதேங்கோ.
இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."
ஐந்தில் எதில் இருப்பதென்று
கொஞ்சம் தடுமாறினேன்.
ஒன்றின் முதுகில் துவாய் காய்ந்தது.
ஒன்றில் யாருடையதோ ஒரு படம்
சுவரைப் பார்த்தபடி.

இரண்டாம் மாடித் திருப்பத்தில்
கைபிடிச் சுவரில் வைத்து
படிவத்தை நிரப்பினேன்:
வீடு பூட்டியிருந்தது.

நாக்கில் இன்னும்
இஞ்சி உறைத்துக்கொண்டிருந்தது.