தயங்கித் திரும்பிய பாதம்

மூன்று முறை வந்தாள் கித்தேரி.
மூன்று முறையும்
பி காம்ப்ளெக்ஸ் எழுதினேன்.
சீட்டில் என் கையெழுத்து இருக்கிறது,
மறுக்க வழியில்லை.

முதல் தடவை, கை மரத்துப்போகிறது என்றாள்.
விரல்களில் துணி சுற்றிக்கொண்டு
பாறையோடு பாறையாய்க் கிடந்து
மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவளுக்கு
மரத்துப்போகாமல் என்ன செய்யும் என்று
நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த தடவை அசதி.
அவளுக்குப் பின்னால் இன்னும் எழுபது டோக்கன்.

மூன்றாம் தடவை புருஷன் பேசினான்.
"சோம்பேறியாயிட்டா சார்.
குருசடைத் தீவுக்கு வள்ளம் கெளம்புது,
இவ பாயில கெடக்கா.
சித்திரை வெயில்ல போர்வை கேக்குறா."
அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்திரையில் போர்வை.
என் காதில் விழுந்தது.
நான் கேட்கவில்லை.

நான்காம் முறை குரல்தான் முதலில் வந்தது.
நனைந்த கயிற்றை மரத்தில் இழுப்பதுபோலக்
கரகரத்த குரல்.
"ஆம்பளைங்க வரிசை அந்தப் பக்கம்" என்றார்
பனிமலர் சிஸ்டர், தலை நிமிராமல்.
நிமிர்ந்தால் கித்தேரி.
சிரித்தாள்.
சிரிப்பு அந்த முகத்தில் ஏறிவர நேரமாயிற்று.

நாற்காலியில் மண்டியிடச் சொன்னேன்,
பாதங்கள் விளிம்பில் தொங்க.
கல்லூரி விட்டபின் தொடாத சுத்தியல்,
ரப்பர் வெடித்திருந்தது.
குதிகாலுக்கு மேலே ஒரு தட்டு.
பாதம் துள்ளியது.
துள்ளிய பாதம் உடனே திரும்பவில்லை.
நீர் வற்றித் தரைதட்டிய வள்ளம்
அடுத்த அலை தூக்கட்டும் என்றிருப்பதுபோல
நின்று
யோசித்து
இறங்கியது.

இன்னொரு முறை தட்டினேன்.
சந்தேகம் இல்லை. வெட்கம்.

ரத்தம் ஐஸ் டப்பாவில்
ராமநாதபுரம் பஸ் ஏறியது.
வெள்ளிக்கிழமை தாள் வந்தது.
ஐந்துக்குள் இருக்கவேண்டிய டி.எஸ்.எச்.
எண்பத்திரண்டு.

கழுத்திலிருக்கும் தைராய்டு தூங்கிவிட்டது,
மண்டைக்குள்ளிருந்து ஒருத்தி
எழுப்பி எழுப்பிப் பார்க்கிறாள்,
எழாததால் கத்துகிறாள்,
இந்த எண் அவள் கத்தல் என்றேன்.
மணிக்கட்டுக்குள் நரம்பு போகும் வழி
அதனால்தான் வீங்கி இறுகியிருக்கிறது,
பாறைமேல் பழி போடவேண்டாம்.

"அப்ப நான் சோம்பேறி இல்லையா?"

புருஷன் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையை
வரிவரியாகப் படித்தான்.

"பாசியில அயோடின் இருக்குங்கிறாங்க,
அதுக்குள்ளயே கெடக்கேனே" என்றவள்
நான் வாய் திறக்குமுன் சொன்னாள்:
"கடல்ல நின்னா
கொழம்புக்கு உப்பு ஏறிருமா."

வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை,
தண்ணீரோடு மட்டும்,
டீக்கு ஒரு மணி நேரம் முன்னால்.
நாலரைக்கு வள்ளம் என்றாள்.
அப்படியானால் மூன்றரைக்கு.
தெனமுமா?
தினமும்.
எதுவரைக்கும்?
எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து இருபத்தொன்று.
ராத்திரியில் கை இன்னும் மரக்கிறதாம்,
மணிக்கட்டில் கட்டிய பட்டை
மீன் செதில் வாசனையோடு வந்தது.
போர்வையை மடித்துப் பெட்டிக்குள் போட்டாயிற்றாம்.
நன்றியெல்லாம் சொல்லவில்லை.
வரிசையில் யாரோ முந்தியதற்குச் சண்டை போட்டாள்,
குரல் பாதி திரும்பியிருந்தது,
நின்று கேட்டேன்.

அன்று மாலை
பழைய புறநோயாளி நோட்டுகளை எடுத்தேன்.
பி காம்ப்ளெக்ஸ் என்ற வரிகளில் விரல் வைத்து:
தெற்குவாடி மைமூன், முடி கொட்டுகிறது, மலச்சிக்கல்.
தோப்புக்காடு சவேரி, கால் எரிச்சல், சர்க்கரை பார்க்கவில்லை.
குந்துகால் பிச்சை, அறுபத்தொன்று.
நடக்கையில் வலது கையை வீசவில்லை.
அதைக் கண்டிருக்கிறேன்,
எழுதியும் இருக்கிறேன்,
பக்கத்தில்
'வயசு' என்று.

காற்று நோட்டைப் புரட்டப் பார்த்தது,
சுத்தியலைத் தூக்கி மேலே வைத்தேன்.

காலையில் சிஸ்டரிடம் பதினான்கு பெயர்கள் கொடுத்தேன்.
வரச் சொல்லுங்கள்.
என்ன காரணம் என்று கேட்டால்,
டாக்டர் சுத்தியலுக்குப்
புது ரப்பர் வாங்கியிருக்கிறார்
என்று சொல்லுங்கள்.