பதினேழாம் கரும்புள்ளி

வார்டு ஆபீஸ் வரைபடத்தில் அதன் பெயர் கரும்புள்ளி.
எண் பதினேழு.
லிங்கராஜபுரத்தில் கோழிக்கடை தாண்டி
டிரான்ஸ்பார்மரின் காலடி.

காலை ஆறு பத்துக்குக் குப்பையோடு ஒரு படம்.
ஏழு நாற்பதுக்குக் குப்பையில்லாமல் ஒரு படம்.
இரண்டும் ஒரே கோணம். ஓரத்தில்
அட்சரேகை, தீர்க்கரேகை விழ வேண்டும்,
இல்லையென்றால் செயலி வாங்காது.
இதுதான் என் வேலை, பதினொரு மாத ஒப்பந்தத்தில்.

இரண்டு படத்துக்கும் நடுவில் இருப்பது
ஓபுளம்மாவின் வேலை.
அதைப் படமெடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை இல்லை.
தர்ப்பூசணித் தோல், சலூன் முடி,
காகிதத்தில் சுற்றாத நாப்கின்,
யாருடையதோ நெஞ்சு எக்ஸ்ரே,
குளிர்பான பாட்டிலில் பாதி மூத்திரம்.
போன மாதம் கையுறை வந்தது, இருபது ஜோடி.
நாற்பதும் இடது கைக்கு.
'வலது கைக்கு அடுத்த டெண்டர்ல' என்றாள்.

பிறகு ஒரு கூட்டத்தில் ஒரு பெரும்புள்ளி சொன்னார்:
சுத்தம் செய்த இடத்தில் கோலம் போடுங்கள்,
கோலத்தின் மேல் எவன் கொட்டுவான்?
கலர்ப்பொடிக்கு நூற்றைம்பது ரூபாய், ரசீதோடு.
எண்ணெய்க் கறையில் பொடி நிற்கவில்லை.
மேலே மண் தூவி
பதினொரு புள்ளி வைத்தாள் ஓபுளம்மா.
ஓரத்தில் இரண்டு பூந்தொட்டி.
முதல் நாள் யாரும் கொட்டவில்லை.
இரண்டாம் நாள் தொட்டிகளைக் காணோம்.
மூன்றாம் நாள்
கோலத்தை மிதிக்காமல்
சுற்றிலும் வரிசையாக, மரியாதையாக,
பைகளை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அதற்கப்புறம் கேமரா.
கொட்டுகிறவன் முகத்தை வெட்டியெடுத்து
சந்தி முனையில் ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டுமாம்.
கரும்புள்ளி செம்புள்ளி குத்திக்
கழுதைமேல் ஏற்றியதெல்லாம் அந்தக் காலம்.
இப்போது கழுதைக்குப் பதில் கம்பம்.
வெட்டுகிற வேலையும் எனக்கே வந்தது.

ஹெல்மெட் கழற்றாத ஸ்கூட்டர்க்காரி.
கார்க் கண்ணாடி இறங்கும்,
கடிகாரம் கட்டிய ஒரு கை, கண்ணாடி ஏறும்.
பள்ளிச் சீருடையில் ஒரு பையன்,
போட்டுவிட்டுக் கோலத்தைப் பார்த்துக் கும்பிடுகிறான்.
இரவு பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு
கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருத்தன்.
பச்சைப் பை ஒன்று, நீலப் பை ஒன்று.
நிறுத்திப் பெரிதாக்கினேன்.
நான்.

என் சந்துக்கு டிப்பர் ஆட்டோ ஏழு மணிக்கு வரும்,
கன்னடப் பாட்டு போட்டுக்கொண்டு.
ஏழு மணிக்கு நான் பதினேழாம் புள்ளியில் நிற்பேன்.
ரெஜினா ஆறரைக்கே கார்மெண்ட்ஸ் வண்டி ஏறிவிடுவாள்.
பத்துக்குப் பத்து வீட்டில்
மூன்று நாள் மீன்முள்ளை எங்கே வைப்பது?

மறைத்துவிடலாம் என்று நினைத்தேன்.
மறைக்கவில்லை. யோக்கியன் என்பதால் அல்ல,
பன்னிரண்டு முகம் கேட்டிருந்தார்கள்,
என்னையும் சேர்த்தால்தான் பன்னிரண்டு.

ஆய்வாளர் சிவலிங்கையா போன் செய்தார்.
'பேடப்பா, இது வேண்டாம். ஸ்டாஃப் முகம் வெளியே போனால்
தரவரிசையில் நம்ம வார்டுக்குப் புள்ளி குறையும்.'
என்னை எடுத்துவிட்டு
ஸ்கூட்டர்க்காரியை இரண்டு தடவை போட்டார்கள்.
இரண்டிலும் ஹெல்மெட்.

ஓபுளம்மாவிடம் சொன்னேன்.
அவள் நிமிரவில்லை.
'தெரியுமே. இந்தக் குவியல்லயே
ஈரம் தனி, காய்ஞ்சது தனின்னு
பிரிச்சுக் கட்டின பை அது ஒண்ணுதான்.'

இன்று ஐந்தே முக்காலுக்கே போனேன்,
தள்ளுவண்டியில் அவளிடமே கொடுத்துவிட.
ஓர் இடது கையுறையை
உள்பக்கம் வெளியே வரப் புரட்டி
வலது கையில் மாட்டியிருந்தாள்.
அந்தக் கையை நீட்டினாள்.

ஆறு பத்துக்குப் படமெடுத்தேன்.
என் பைகள் அதில் இல்லை.
நேற்றைய படத்தோடு வைத்துப் பார்த்தேன்,
வித்தியாசம் தெரியவில்லை.
செயலி வாங்கிக்கொண்டது.